றிவேஸ் போட்டால் பாண்

திருகோணமலை நகரத்துக்குள் பெரிய லொறி ஓட்டுகிறவனுக்குப் பொறுமை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வாயாவது இருக்க வேண்டும். றுவைஸ் விடியற்காலையில் துறைமுகத்து ஆலையில் கோதுமை மா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது பொறுமைசாலி. உட்துறைமுக வீதி முடியும்வரை அது தாக்குப்பிடிக்கும். மீன் சந்தைப் பக்கம் திரும்பினால் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் எதிரே பாயும். பஸ் நிலையத்தடியில் ஓட்டோக்காரர்கள் ஆளைக் கண்ட இடத்தில் பிரேக் பிடிப்பார்கள். எல்லாரையும் திட்டித் தீர்த்து ஒருவழியாக வெளியே வந்தால், நடுரோட்டில் மான் படுத்திருக்கும். காட்டு மான் இல்லை, ஆடுமாடு போல நகரத்துக்குள்ளேயே திரியும் ஊர் மான். ஹோர்ன் அடித்தால் ஒரு காதை ஆட்டிவிட்டு மறுபடி அசைபோடும். கிளீனர் குணரத்தினம் இறங்கிப்போய்க் கெஞ்சினால்தான் எழும்பும்.

இத்தனையும் தாண்டிய பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கும். மாவை இறக்க வேண்டிய ஸ்டோர் சந்து போல ஒடுங்கிய ஒரு ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. அந்த ஒழுங்கைக்குள் ஆட்டுக்குட்டி வேண்டுமானால் திரும்பலாம். பத்துச் சில்லு லொறி திரும்ப ஏலாது. ஆகவே வாசலில் இருந்து கடைசிவரைக்கும் பின்னுக்கேதான் போக வேண்டும். பின்னால் நின்று வழி சொல்லுவது குணரத்தினத்தின் பொறுப்பு. ஐம்பது வயதுக்காரர், நல்ல மனுசன். அவர் "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்டோர் மதிலில் 'டொம்' என்று சத்தம் கேட்ட பிறகு "போதும்" என்பார்.

லொறி புதிது. அதாவது ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது. முதலாளி ஸுஹைர் ஹாஜியார் போன கிழமைதான் அதை வாங்கி றுவைஸின் கையில் கொடுத்தார். முதல் நாள் ஒழுங்கை வாசலில் றிவேஸ் கியரைப் போட்டதும் லொறி பாடத் தொடங்கியது. டிடிங் டிடிங் டிடிங் என்று, கேட்ட பாட்டு. எங்கே கேட்டது என்று றுவைஸ் யோசிப்பதற்குள் ஒழுங்கையின் கேட்டுகள் எல்லாம் படபடவென்று திறந்தன. பெண்கள் தட்டோடு வந்தார்கள். சாரனை மடித்துக் கட்டிய ஆண்கள் சீலைப் பையோடு வந்தார்கள்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அது பாண் பாட்டு. இந்த நாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள், பேக்கரியில் சுட்ட பாணும் பணிஸும் அடுக்கிக்கொண்டு வரும் ஓட்டோக்கள் எல்லாம் போடும் அதே பாட்டு. ஆனால் ஓட்டோவின் பாட்டு ஒரு ஒழுங்கைக்குக் கேட்கும். இந்த லொறியின் பாட்டு மூன்று ஒழுங்கைக்குக் கேட்டது.

"வரட்டும், வரட்டும்" என்றார் குணரத்தினம், லொறியைப் பார்த்து.

சனமும் வந்தது. லொறிக்குப் பின்னால் கூடி நின்றது.

"எனக்கு ரெண்டு பாண், கருகாததாப் பாத்துத் தாங்க" என்றார் ஒருவர்.

"இது மா லொறி ஐயா" என்றார் குணரத்தினம்.

"மாவக் கொண்டுபோய் நான் அடுப்புல போடுறதா? பாண் இல்லாம எதுக்குப் பாட்டுப் போடுறீங்க?"

றுவைஸ் சிரித்தான். சிரித்தபடியே இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தவன் அப்படியே உறைந்துபோனான். பச்சை நிறக் கேட்டில் ஒரு பெண் தேத்தண்ணிக் கிளாஸோடு நின்றாள். அந்த முகம் அவனுடைய போனில் படமாக இருக்கும் முகம். வருகிற மாதம் நிக்காஹ் செய்யப்போகும் றிஷானா!

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். சம்பந்தம் பேசியது றுவைஸின் மூத்த சகோதரி, ராத்தா நஜ்முன் நிஸா. பேச்செல்லாம் கிண்ணியாவில் ராத்தா வீட்டிலேயே முடிந்துவிட்டதால் அவன் பெண் வீட்டுப் பக்கம் வந்ததில்லை; படங்கள் மட்டும் இரண்டு பக்கமும் கைமாறியிருந்தன. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு ராத்தா "ஹாபர்ல" என்றாள். துறைமுகத்தில்தானே மா ஏற்றுகிறான், அது பொய்யில்லை. லொறி என்ற சொல் மட்டும் விருந்தில் வைத்த இனிப்பு வட்டிலப்பத்தோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்விட்டது. பெண்ணின் வாப்பா ஆதம்பாவா என்ன தொழில் என்று இவன் கேட்டபோது ராத்தா "வியாபாரம்" என்றாள். அதுவும் பொய்யில்லை.

ஆதம்பாவாவின் வியாபாரம் பாண் வியாபாரம். ஓட்டோவில். அந்த ஒழுங்கையில்.

மகள் தினமும் பாட்டுக் கேட்டதும் வாப்பாவுக்குத் தேத்தண்ணியோடு கேட்டுக்கு வருவாள். இன்று பாட்டு வந்தது, வாப்பா வரவில்லை. அவள் லொறியை ஒருதரம் பார்த்தாள், கண்ணாடியை ஒருதரம் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். றுவைஸ் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்திருந்தான். அவள் தன்னைப் பார்க்கவில்லை என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான்.

இரண்டொரு நாளில் ஒழுங்கைச் சனம் புத்திசாலியாகிவிட்டது. பாட்டுக் கேட்டால், "அது அந்த நாசமாப்போன லொறி" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தது. பிறகு ஆதம்பாவா அதே பாட்டோடு வந்தால் ஒரு குஞ்சு குருமான்கூட எட்டிப் பார்க்கவில்லை. பாண் அப்படியே திரும்பிப் போனது. வீட்டில் காலையும் பாண், பகலும் பாண், இரவும் பாண்.

அந்தக் கிழமையே மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நீங்க ஹாபர்லதானே வேல? அங்கயிருந்து ஒரு லொறிக்காரன் வாறான். என்ட பாட்டத் திருடிப்போட்டான். ஆரெண்டு விசாரிச்சுச் சொல்லுங்க. அவன இந்தக் கையால ரெண்டு போடாம உங்கட நிக்காஹ்வுக்கு நான் புதுச் சாரன் உடுக்க மாட்டன்."

"ஓம் மாமா" என்றான் றுவைஸ். "விசாரிக்கிறன்."

அவன் நேரே ஹாஜியாரிடம் ஓடினான். பாட்டைக் கழற்றித் தாருங்கள் என்று காலில் விழாத குறை. "பாட்டு இல்லாமப் பின்னுக்கு எடுத்துத்தானே பழைய லொறி பள்ளிவாசல் மதிலத் திண்டது? பாடட்டும்" என்று சொல்லிவிட்டார் ஹாஜியார். குணரத்தினம் தன்னுடைய பழைய சாரனைக் கொண்டுவந்து ஸ்பீக்கரைச் சுற்றிக் கட்டினார். அடுத்த நாள் பாட்டு, கிணற்றுக்குள் விழுந்த பாண்காரனுடையது போலக் கேட்டது. இரண்டு பேர் கயிற்றோடு வெளியே வந்தார்கள்.

றுவைஸுக்குச் சோறு இறங்கவில்லை. படத்தில் பார்த்த பெண்ணைக் கண்ணாடியில் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, இந்தக் கலியாணம் குழம்பினால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. அவளோ தினமும் கிளாஸோடு வந்து, கண்ணாடியை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போவாள். அவன் தினமும் குனிவான்.

வெள்ளிக்கிழமை அவன் றிவேஸில் பாதி ஒழுங்கை போயிருப்பான். குணரத்தினத்தின் "வரட்டும்" திடீரென்று நின்றது. அது நின்றாலே ஆபத்துத்தான். கண்ணாடியில் பார்த்தான். ஒழுங்கையை மறித்துக் குறுக்கே ஒரு பாண் ஓட்டோ. அதிலிருந்து இறங்கி, பணிஸ் எடுக்கும் இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆதம்பாவா வந்துகொண்டிருந்தார்.

றுவைஸ் துவாயை எடுத்து முகத்தைச் சுற்றினான். கண் மட்டும் தெரிந்தது. பயத்தில் றிவேஸ் கியரைக் கழற்ற மறந்துவிட்டான். பிரேக்கை மிதித்தபடி அவன் இருக்க, பாட்டுத் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆதம்பாவா லொறியின் படியில் ஏறி ஜன்னலுக்குள் தலையை விட்டார். "எறங்கு! உன்ட பேரென்ன?"

றுவைஸ் வாயைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான்.

"அவருக்குப் பல்லுவலி" என்று கீழேயிருந்து குணரத்தினம் கத்தினார்.

"பல்லா? ஒண்டும் மிஞ்சாது. பொறு, ஹாபர்ல எனக்கு ஆள் இரிக்கி." ஆதம்பாவா ஒரு கையால் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து அழுத்தினார். "என்ட மருமகன இப்பவே கூப்பிடுறன்."

றுவைஸின் போன் டாஷ்போர்டில் கிடந்தது. அது அலறியது. அலறியதோடு நிற்காமல், 'றிஷானாட வாப்பா' என்று பெரிய எழுத்தில் காட்டியது.

இந்த நேரத்தில் புத்தியுள்ளவன் போனை வெளியே எறிந்திருப்பான். றுவைஸ் எடுத்துக் காதில் வைத்தான். கைப்பழக்கம்.

"சொல்லுங்க மாமா" என்றான்.

மாமனாருக்கு ஒரு காதில் போனிலும் மறு காதில் நேரிலும் அது கேட்டது. அவர் போனைப் பார்த்தார், துவாயைப் பார்த்தார். இடுக்கியை நீட்டித் துவாயின் நுனியைப் பிடித்து, பணிஸ் எடுப்பது மாதிரியே மெதுவாக இழுத்தார்.

"நீங்களா?" என்றார்.

"ஓம் மாமா."

"இந்தக் கலியாணம் நடக்காது!"

அதைக் கேட்டதும் றுவைஸுக்கு உண்மையாகவே பல் வலித்தது. பல்லோடு நெஞ்சும் சேர்ந்து வலித்தது. அப்போது வெளியே ஒரு சத்தம்.

"ஆதம்பாவாக் காக்கா! பாண்!"

பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால் பொறுக்கமாட்டாமல் சனம் எட்டிப் பார்த்திருக்கிறது. பார்த்தால், லொறிக்குப் பின்னால் நிசமான பாண் ஓட்டோ! அந்த ஒழுங்கை, அடுத்த ஒழுங்கை, அதற்கும் அடுத்த ஒழுங்கை எல்லாம் தட்டோடு வந்து நின்றது. பாட்டைக் கேட்டுப் பழகிய மான் ஒன்றுகூடக் கடைசியில் வந்து வரிசையில் நின்றது.

ஆதம்பாவாவுக்கு ஒரே நேரத்தில் கோபமும் வியாபாரமும் ஏலாது. கோபத்தை லொறிப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினார். பின்னாலேயே றுவைஸ் ஹான்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் குதித்து ஓடி, கேட்காமலேயே பாணைச் சுற்றிக் கொடுக்கத் தொடங்கினான். "வரட்டும், வரட்டும்" என்று குணரத்தினம் சனத்தை வரிசையில் விட்டார். பாண் முடிந்தது, பணிஸ் முடிந்தது, நேற்றுத் திரும்பிப் போன றோஸ் பாணும் முடிந்தது. உடைந்த துண்டுகளை மான் முடித்துவைத்தது.

ஆதம்பாவா வெறும் கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்தார். அப்படி ஒரு காட்சியை அவர் வெகுகாலமாகக் கண்டதில்லை. திரும்பி லொறிப் படியில் உட்கார்ந்து, அங்கே வைத்துவிட்டுப் போன கோபத்தைத் தேடினார். அது ஆறிப்போயிருந்தது.

பச்சைக் கேட்டுத் திறந்து றிஷானா வந்தாள். ஒரு தட்டில் இரண்டு கிளாஸ் தேத்தண்ணி.

"என்ன புள்ள, ரெண்டு?" என்றார் வாப்பா.

"ரெண்டு பாட்டுத்தானே வாப்பா ஒவ்வொரு நாளும் வருது." அவள் றுவைஸைப் பார்க்காமல் ஒரு கிளாஸை அவன் பக்கம் நீட்டினாள். "மத்தவர்தான் குனிஞ்சு குனிஞ்சு போறார். அவரு குனியிற நேரமெல்லாம் இந்தத் தேத்தண்ணிய நான்தான் குடிச்சனான்."

ஒழுங்கையே சிரித்தது. ஆதம்பாவா சிரிக்கவில்லை. அவர் தேத்தண்ணியை முழுவதும் குடித்து, மகளைப் பார்த்து, லொறியை மேலும் கீழும் பார்த்து, கடைசியில் றுவைஸைப் பார்த்தார்.

"மருமகன்" என்றார்.

அந்தச் சொல்லுக்காக றுவைஸ் ஜப்பான்வரைக்கும் றிவேஸில் போயிருப்பான்.

"நாளையிலிருந்து நான் வந்து நிண்ட பொறகு கியரப் போடுங்க. மெதுவா வாங்க. ஒண்டும் அவசரமில்ல, பாட்டு நல்லா ஓடட்டும்."

பிறகு அவர் ஓட்டோவைத் தள்ளி வைத்துவிட்டு, குணரத்தினத்தை நம்பாமல், தானே லொறிக்குப் பின்னால் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். றுவைஸ் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தான். பச்சைக் கேட்டில் அவள் நின்றாள். முதல்தடவையாக அவன் குனியவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வரட்டும் மருமகன், வரட்டும், வரட்டும்" என்றார் ஆதம்பாவா, வாயெல்லாம் பல்லாக.

டொம்.

"போதும்" என்றார்கள் இரண்டு பேரும்.