கறிமீனுக்குத் தராசில்லை

கல்குடாவில கரைவலை இழுத்தவனுக்குக் கறிமீன் உண்டு. அதை ஆரும் நிறுக்கிறேல்லை. நிறுத்தா முதலாளிக்குத்தான் வெட்கம். அந்தப் பழக்கத்தோட நான் கனடாவில, பிக்கரிங் ஏரிக்கரையில கிளடிஸின்ர போட்டில ஏறினது எண்பத்தைஞ்சு ஏப்ரலில.

கிளடிஸ், புருசன் செத்தபிறகு தனிய போட் நடத்திற வெள்ளைக்கார மனுசி. அந்த வருசம் அரசாங்கம் அவவுக்குக் குடுத்த கோட்டா இருபத்தையாயிரம் இறாத்தல் பேர்ச் மீன். அது முடியிற அண்டைக்கு வலையும் கரையேறும், வேலையும் முடியும். நானும் யாழ்ப்பாணத்துக் குலசிங்கமும் நாளுக்கு ஆளுக்கு மூண்டு இறாத்தல் கறிக்கு எடுப்பம். நிறுத்து எழுதிறது நான். கறிமீனையும் எழுதவேணும் எண்டு என்ர மண்டையில ஏறவேயில்லை. நான் எழுதியிருப்பன் எண்டு கிளடிஸ் நினைச்சிட்டா.

எனக்கு வேண்டியது நவம்பர் முடியுமட்டும் வேலை. என்ர மனுசி கனகாம்பிகையையும் மகளையும் ஊரிலயிருந்து கூப்பிட ரொறன்ரோவில இன்ரவியூ, நவம்பர் பன்னிரண்டு. அண்டைக்கு வேலையில இருக்கிறன் எண்டு கடிதம் காட்டவேணும். ஒக்டோபரில நான் எழுதின கணக்குப்படி கோட்டாவில எண்ணூற்றைம்பது இறாத்தல் மிச்சம். மெல்ல மெல்லப் பிடிச்சாக் காணும்.

ஒக்டோபர் நடுவில மீன்பிடி இலாகா ஒவ்விசர் துறைக்கு வந்தார். என்ர கையில மீன்பை. இண்டைக்கு மட்டும் எடுத்ததோ எண்டு கேட்டார். ஓம் எண்டிருந்தா ஆள் போயிருக்கும். குலசிங்கம் காலால இடிச்சான். மறுகா அந்தாள் சொன்னார், நிறுத்தெழுதாம எடுத்தா உது களவெண்டு.

எனக்குப் பத்தி எரிஞ்சுது. முப்பது வருசம் கடலில கிடந்தவன் நான். ஒருத்தனும் என்னைக் கள்ளன் எண்டதில்லை. பையை அவற்ர காலடியில போட்டன்.

"களவில்லை, சேர். எவ்றி டே. ஏப்ரலில இருந்து எவ்றி டே, எல்லாருக்கும் முன்னாலதான் எடுக்கிறன்."

அவர் கோவிக்கேல்லை. கொப்பியை எடுத்துப் பெருக்கினார். நூற்றைம்பது நாள், ரெண்டு பேர், தொள்ளாயிரம் இறாத்தல். மிச்சமிருந்த எண்ணூற்றைம்பதும் போய், கோட்டாவுக்கு மேல ஐம்பது இறாத்தலாம். அண்டைக்கே வலையை ஏத்தினம். தவளை தன் வாயால கெட்ட கதைதான் அண்ணை எண்டு குலசிங்கம் முணுமுணுத்தான்.

கிளடிஸ் ஏசேல்லை. கடிதம் எழுதித் தந்தா, ஒக்டோபர் பதினாறு மட்டும் வேலை செய்தவர் எண்டு. பொய்த் திகதி போடச்சொல்லிக் கேக்க எனக்கு வாய் வரேல்லை.

இன்ரவியூவில அதைப் பாத்திட்டு ஃபைலை மூடிச்சினம். வேலை கிடைச்சா அடுத்த வருசம் வரட்டாம். ஊரில ஆமி வீடு வீடா ஏறுது.

இப்ப ரொறன்ரோ அஜின்கோர்ட்டில என்ர வாடகை அறையில கனகாம்பிகைக்குக் கடிதம் எழுத இருக்கிறன். என்னத்தை எழுத? உங்களைக் கூப்பிட வைச்சிருந்த நாளையெல்லாம் நான் கறி வைச்சுத் திண்டுட்டன் எண்டோ?