மந்தைவெளியில் ஒரு மாரடைப்பு

1992 அக்டோபரில் காலராவில் இறந்த அல்போன்ஸின் இறப்புச் சான்றிதழில், மாரடைப்பு என்று எழுதியிருந்தது. அவர் மனைவி வெரோனிகா டீச்சர் மாநகராட்சி அதிகாரியிடம் போய்க் கேட்டாள்.

“காலரான்னு எழுதினா ஊரே பயந்துடும்மா. மேலிடத்து உத்தரவு.”

“பயந்தாத்தான் சார் தண்ணியைக் காய்ச்சிக் குடிப்பாங்க.”

அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெரோனிகா நேராகத் தெரு அடிபம்புக்குப் போனாள். பிடியைப் பற்றிக்கொண்டு, “இந்தத் தண்ணியாலதான் அவர் போனாரு. காய்ச்சிக் குடிங்க” என்றாள்.

“இன்னா டீச்சர், ஹார்ட் அட்டாக்னு கவர்மென்ட்டே எழுதிக் குடுத்துகீது. நீங்க பீதியக் கெளப்பிக்கினு கீறீங்க!” என்றாள் பக்கத்து வீட்டு சகாயமேரி. சொல்லிக்கொண்டே, வெரோனிகா தொட்ட பிடியை முந்தானையால் துடைத்தாள்.

அல்போன்ஸுக்காக வீட்டில் வைத்த ஏழாம் நாள் ஜெபத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஜெபமாலையில் மற்றவர்கள் சொல்ல வேண்டிய பாதியையும் வெரோனிகாவே சொன்னாள்.