பலகை இல்லாத நிலம்

கல்லூரியில் அவளுக்குக் 'கட்டம் மேடம்' என்று பெயர். சூழலியல் பேராசிரியை. ஆய்வகக் கட்டடத்துக்குப் பின்னால் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் புதர்நிலம் ஒன்றைக் கயிறு கட்டி நூறு கட்டங்களாகப் பிரித்து, வருடா வருடம் ஒரே வாரத்தில், மாணவர்களோடு முழங்காலிட்டு, எந்தக் கட்டத்தில் என்ன செடி, எத்தனை செடி என்று எண்ணுவாள். பத்தொன்பது முறை எண்ணியாகிவிட்டது. இருபதாவது எண்ணிக்கையோடு ஓய்வு. மனிதன் கை வைக்காமல் விட்டால் ஒரு துண்டு நிலம் இருபது வருடத்தில் தானாக என்ன ஆகிறது என்று சொல்ல அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது. வாழ்க்கையில் உருப்படியாகச் செய்ததும் அது ஒன்றுதான் என்பாள்.

"ஊரே களை எடுக்குது, இவ களைக்குப் பேர் வெச்சு ஆஜர் எடுக்கிறா" என்று கணவர் கேலி செய்வார். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவது அவர்தான்.

ஆறு வருடங்களுக்கு முன், அங்கே ஒரு பலகை வைக்கலாமா என்று அப்போதிருந்த முதல்வர் கேட்டார். கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"பலகை வெச்சா வேடிக்கை பார்க்க வருவாங்க சார். மிதிப்பாங்க. இல்லன்னா ஐயோ பாவம்னு தண்ணி ஊத்துவாங்க. அப்புறம் அது சும்மா விட்ட நிலமா எப்படி இருக்கும்?"

கயிறு கட்ட மூலைக்கொன்றாக நான்கு இரும்பு முளைகள் மட்டும், அதுவும் தரையோடு தரையாக. கண்ணில் படாததுதான் பிழைக்கும் என்பது அவள் கட்சி.

இந்த வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை. ஒரு மாத விடுப்பு முடிந்து, எண்ணும் வாரத்துக்குச் சரியாகக் கைத்தடியோடு வந்தாள். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். சுவரிலிருந்து சுவர்வரை ஒரே பச்சைப் புல்தரை.

தோட்டக்காரர் ஓடி வந்தார்.

"வாங்க மேடம்! பசுமை வளாகமான்னு பார்க்க ஒரு குழு வருதாம், எங்கயாச்சும் புல்லு போடுன்னு முதல்வர் சொன்னாரு. நான்தான் இந்த இடத்தைக் காட்டினேன். வருஷா வருஷம் நீங்க முள்ளுக்குள்ள முட்டி போட்டுக் கிடக்கிறதைப் பார்க்க மனசு கேக்கல மேடம். இனிமே மெத்தை மாதிரி இருக்கும்."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கேள்விதான் வந்தது. செடி போனாலும் மண்ணுக்குள் விதை கிடக்குமே என்ற நப்பாசை ஒன்று மிச்சமிருந்தது.

"பழைய மண்ணு?"

"முழங்கை ஆழத்துக்கு மிஷின் வெச்சு அள்ளியாச்சு. வண்டி நிறுத்துற இடத்துல கொட்டி, மேல கான்கிரீட் போட்டாச்சு. ஒரு விதை தப்பாது மேடம்! மண்ணை அள்ளினதும் நாலு இரும்பு வேற நீட்டிக்கிட்டிருந்தது. யாரையாவது குத்திடும்னு பிடுங்கிப் போட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னார். யாரைக் குற்றம் சொல்வது? பலகை வேண்டாம் என்றது அவள். இத்தனை வருடமும் வாசலில் வணக்கம் சொன்ன மனிதரிடம், இங்கே இதைத்தான் செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதும் அவள்தான்.

மதியம் குழு வந்தது. புல்லின் நடுவே இப்போது பலகை இருந்தது: 'இயற்கையைக் காப்போம்'. கீழே அவள் பெயர், பட்டங்களோடு.

"அருமையான இடம். எத்தனை வருஷ உழைப்பு மேடம்?" என்றார் குழுத்தலைவர்.

"பத்தொன்பது."

"பார்த்தாலே தெரியுது" என்று எழுதிக்கொண்டார். முதல்வர் பூரித்துப்போய் நின்றார்.

மறுநாள் காலை மாணவர்கள் கயிற்றோடு வந்தார்கள். விஷயம் தெரிந்தும் வந்திருந்தார்கள். புல் என்றாலும் எண்ணித்தான் ஆக வேண்டும், எண்ணாமல் விட்டால் அதுதான் பொய் என்று அவளே சொல்லி அனுப்பியிருந்தாள். தாளில் 'இருபதாம் ஆண்டு' என்று எழுதியாகிவிட்டது. கயிற்றின் நுனியைப் பிடித்திருந்த மாணவி புல்தரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"மேடம், முதல் முளை எங்க இருந்தது?"

அவள் கைத்தடியை ஓரிடத்தில் ஊன்றினாள். பிறகு இரண்டடி தள்ளி ஊன்றினாள். அங்கேயும் இல்லை.

"தெரியலம்மா" என்றாள். "கயிறைச் சுத்தி வெச்சிடுங்க."