ஹாச்சபம்பா என்று அச்சடித்த சாக்கு

மலைக்கிராமமான ஹாச்சபம்பாவில் விளையும் கீன்வா தானியம் ஐரோப்பா வரைக்கும் போகும். ஹாச்சபம்பா என்ற பெயர் மட்டும் சல்யாபாத்தா சந்தையைத் தாண்டாது. அங்கே வியாபாரி ருஃபீனோ உட்கார்ந்திருப்பான். வருகிற தானியத்தை வாங்கி, பெயரில்லாத வெள்ளைச் சாக்குகளுக்கு மாற்றி, பெரு எல்லைப் பாலத்தில் மூன்று சக்கர வண்டிகளில் தள்ளிக் கடத்திவிடுவான். பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் அது பெரு நாட்டுத் தானியம் ஆகிவிடும். உப்புக் காற்றில் முதுகொடிய விதைத்து, அறுத்து, காலால் மிதித்துத் தோலின் கசப்பை நீக்கி, கழுவிக் காயவைத்தது யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

செவேரா காயோவுக்கு வயிறு எரிந்தது இதற்குத்தான். அந்த ருஃபீனோ அவளுடைய கணவனின் தம்பியாக வேறு இருந்து தொலைத்தான். ஹாச்சபம்பா பெண்கள் சங்கத்துக்குத் தலைவியானதும் முதல் கூட்டத்திலேயே அவள் சொல்லிவிட்டாள்:

"இந்த வருஷம் ஒரு பிடிகூட என் கொழுந்தனுக்குக் கொடுக்காதீங்க. நம்ம பேரைப் போட்டு நாமளே கப்பல்ல ஏத்துவோம்."

"கப்பலா? நமக்குக் கடலே கிடையாதேடி!" என்று ஹஸிந்தா தொடையைத் தட்டிச் சிரித்தாள். சங்கத்தில் மூத்தவள், வாயும் பெரிது.

"கடல் சிலிக்காரன்கிட்ட இருக்கு. அதுக்குப் போற ரோடு நம்மகிட்ட இருக்குல்ல?"

ரோடு இருந்தது உண்மைதான். ஆனால் பழைய போரில் சிலியிடம் கடலை இழந்த எங்கள் நாட்டில் அந்த ரோட்டில் ஏறுவதற்குள் எத்தனை கவுன்ட்டர் என்று செவேராவுக்கு அப்போது தெரியாது. விஷம் தெளிக்காத பயிர் என்பதற்கு ஒரு சான்று. பூச்சி இல்லை என்பதற்கு ஒன்று. இந்த மண்ணில்தான் விளைந்தது என்பதற்கு ஒன்று. ஒரு கவுன்ட்டரில் கேட்கும் காகிதத்தை அடுத்த கவுன்ட்டர் தரும். அந்தக் கவுன்ட்டரோ முதல் கவுன்ட்டரின் காகிதத்தைக் கேட்கும். மதியம் பன்னிரண்டுக்கு ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் முடிந்து கொண்டுவந்த காய்ந்த உருளைக்கிழங்கைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். சங்கத்துப் பெண்களும் அறுவடையை ருஃபீனோவுக்கு விற்காமல், வீட்டில் எண்ணெய்க்குக்கூட இல்லாமல், அவளை நம்பிக் காத்திருந்தார்கள். ஐரோப்பாவில், ஆலந்து நாட்டில் ஒரு கம்பெனி வாங்கச் சம்மதித்திருந்தது. விஷமும் மருந்துப் புகையும் படாத தானியமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

ஒருரோ நகரத்தில் சாக்கு அச்சாகி வந்த அன்று பெண்கள் அதைப் புதுத் துணி மாதிரி தடவித் தடவிப் பார்த்தார்கள். பச்சை எழுத்தில் ஹாச்சபம்பா. எழுதப் படிக்கத் தெரியாத ஹஸிந்தா, "இதுதானா நாம?" என்று எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள்.

ஏற்றிய மூட்டைகளைச் சோதித்ததற்கான கடைசிக் கையெழுத்து ஏற்றுமதி வளர்ச்சி மன்றத்து இன்ஜினியர் உரியோஸ்தேவுடையது. அவர் அதை உடனே போட்டுவிடவில்லை. ஹாச்சபம்பாவுக்குத் தானே வந்து, விழா எடுத்து, போட்டோ பிடித்து, அதன் பிறகுதான் போடுவேன் என்றார். விழாவுக்கு அவருக்கு நாள் ஒழியவில்லை. லாரி வந்து நின்றது. மூட்டை ஏற்றி, தார்ப்பாய் கட்டி, டிரைவர் எலோய் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

கடைசியில் இன்ஜினியர் வந்தார், கேமராக்காரரோடும் கூடை நிறையப் பூவிதழோடும். எங்கள் பக்கத்தில் புது வீடானாலும் புது லாரியானாலும் பூமித்தாய்க்குச் சாராயம் தெளித்து, பூத் தூவாமல் ஒரு காரியமும் தொடங்காது. லாரியின் முன்சக்கரத்துக்கும் தரைக்கும் தெளிப்பதாகத்தான் செவேரா நினைத்திருந்தாள். இன்ஜினியருக்கு அது போதவில்லை.

"தார்ப்பாயை அவிழ்த்து விடுங்க. மூட்டை தெரியணும், அதுல பூ விழணும். அப்பதானே போட்டோ போட்டோவா இருக்கும்?"

அவிழ்த்தார்கள். ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. இன்ஜினியர் தூவினார், ஹஸிந்தா தூவினாள், எல்லோரையும்விட அதிகமாகத் தூவியது செவேராதான். கூடையில் இருந்ததை இரண்டு கையாலும் அள்ளி, "போய்ச் சேருங்க, என் கண்ணுங்களா!" என்று மூட்டைகளின் மேல் வீசினாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு இன்ஜினியர் லாரியின் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவருடைய தொப்பியில் சிவப்பு இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

தார்ப்பாயை மறுபடி கட்டிக்கொண்டு கிளம்பிய லாரியில் செவேராவும் ஏறிக்கொண்டாள். சிலி எல்லை நெருங்கியதும் எலோய் லாரியை ஓரங்கட்டினான். மலையேற்றம் முழுக்க அவன் கன்னத்தில் அடக்கியிருந்த கோக்கா இலையைத் துப்பி, வாய் கொப்பளித்தான்.

"தலைவி, மடியை உதறுங்க. நமக்கு இது தினம் மெல்லற இலை. சிலிக்காரனுக்கு இது கஞ்சா மாதிரி. ஒரு துணுக்கு இருந்தாலும் மாட்டினோம்."

இருவரும் பையை உதறினார்கள், இருக்கைக்கு அடியில் பெருக்கினார்கள், சட்டை மடிப்பைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கூடைப் பூ கிடந்தது இருவருக்குமே நினைவுக்கு வரவில்லை. பூவை யார் குற்றமாக நினைப்பார்கள்?

சிலிப் பக்கத்துத் தாவரச் சோதனையில் கையுறை போட்ட இளம்பெண் ஒருத்தி இருந்தாள். தார்ப்பாயைத் தூக்கியதும் அவள் கை நின்றது.

"இது என்னம்மா?"

"பூ."

"அது தெரியுது. மூட்டைக்கு நடுவுல எதுக்கு?"

"பூமித்தாய்க்குப் போட்டது."

அவளோடு நின்ற மீசைக்காரர் சிரித்தார். "பூமித்தாய்க்குப் போட்டது பூமியில இல்லாம லாரியில ஏன் இருக்கு?"

ஆள் கிண்டல்தான் செய்தார், ஆனால் கேள்வி சரியான கேள்வி. அந்தப் பெண் ஒரு வாடிய இதழைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். அதில் கடுகில் பாதிகூட இல்லாத பூச்சி ஒன்று ஊர்ந்தது.

"புகை மருந்து அடிச்சா விடலாம்," என்றாள். குரலில் பகை எதுவும் இல்லை.

"மருந்து பட்டா ஆலந்துக்காரன் வாங்க மாட்டான் தாயீ. நாங்க ஒவ்வொரு மூட்டையா இறக்கித் துடைச்சிடறோம். ஒரு இதழ் இருந்தா என் கையை வெட்டு."

அந்தப் பெண் யோசித்தாள். "துடைங்க. திரும்பப் பார்க்கறேன். ஆனா உங்க சான்றிதழ்ல 'ஏற்றிய பின் சோதித்தது, வேறு தாவரப் பொருள் எதுவும் இல்லை'ன்னு இருக்கு. அது பொய்யாயிடுச்சு. உங்க ஆபீஸ்லேர்ந்து புதுசு வாங்கித் தாங்க. அது இல்லாம என்னால முடியாது."

செவேராவும் எலோயும் மூட்டைகளை இறக்கினார்கள். எல்லையோர எரிமலையின் பனியிலிருந்து வருகிற காற்று விரலை மரத்துப்போக வைத்தது. தையலுக்குள் சிக்கியிருந்த இதழ்களை அவள் நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். தான் தூவியது எது, இன்ஜினியர் தூவியது எது என்று எப்படித் தெரியும்? எல்லாமே தன்னுடையதாகத்தான் அவளுக்குப் பட்டது. முடித்துவிட்டு இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

"பூவா? எந்தப் பூ?" என்றார் உரியோஸ்தே.

"நீங்க கொண்டுவந்த பூ சார். நீங்களும் போட்டீங்க, நானும் போட்டேன்."

"செவேராம்மா, பூ எதுவும் இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்படின்னா நான் பார்க்கும்போது பூ இல்லை."

"பார்க்கும்போது உங்க தொப்பி மேலேயே பூ இருந்துச்சே சார்!"

அவர் குரல் தேனாகிவிட்டது.

"கோபப்படாதீங்க. ஒரு வழி இருக்கு. நான் கிளம்பின பிறகு, சங்கத்துக்காரங்க அனுமதி இல்லாம தார்ப்பாயை அவிழ்த்துப் பூ போட்டுட்டோம்னு ஒரு கடிதம் எழுதி அனுப்புங்க. பழசை ரத்து பண்ணிட்டுப் புதுசு தர்றதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணுமில்ல?"

போனை மூடியதும் எலோய் சொன்னான். "வேணாம் தலைவி. இந்த ஆள் தன் தலையைக் கழட்டி உங்க கழுத்துல மாட்டப் பார்க்கறான்."

"தெரியுது."

"தெரிஞ்சுமா?"

"பூமித்தாய்க்கு உண்மை தெரியும். காகிதத்துல என்ன இருந்தா என்ன? தானியம் கடலுக்குப் போகட்டும்."

சாப்பாட்டுக் கடையில் சூப் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு எழுதினாள். பொய் எழுதிப் பழக்கமில்லாத கை. கீழே கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மறுநாள் கடை திறந்ததிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியம் தாண்டிப் பதில் வந்தது. எலோய் வாங்கிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் கறுத்தது.

சான்றிதழ் ரத்து என்று எழுதியிருந்தது. அதுவரைக்கும் சொன்னபடிதான். அடுத்த வரியில், சுகாதார விதியை மீறியதாகத் தானே ஒப்புக்கொண்ட ஹாச்சபம்பா பெண்கள் சங்கத்தின் ஏற்றுமதிப் பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று இருந்தது. பதிவு இல்லாத சங்கத்துக்குப் புதுச் சான்றிதழ் கிடையாது.

செவேரா போன் போட்டாள்.

"நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க?"

"எழுதினது நீங்கதானே செவேராம்மா? எழுத்துல வந்த பிறகு நான் பார்க்காத மாதிரி இருக்க முடியுமா? விதி ஒண்ணு இருக்குல்ல? வேணும்னா நேர்ல வந்து ஒரு மேல்முறையீடு போடுங்க. நான் உங்க பக்கம்தான்."

நான் உங்கள் பக்கம்தான் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஏன் மேஜைக்கு அந்தப் பக்கமே இருக்கிறார்கள் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. போனை வைத்துவிட்டு எலோயோடு மூட்டைகளைத் திரும்ப ஏற்றினாள். சிலிக்காரப் பெண் லாரி திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையைத் தூக்கப் போய், தூக்காமல் விட்டுவிட்டாள்.

லாரி வந்த வழியே இறங்கியது. மேல்முறையீடு எத்தனை கவுன்ட்டர் தாண்டும் என்று செவேராவுக்கு இப்போது தெரியும். லாரியை நிறுத்தி வைக்க முடியாது. எலோய்க்கும் பிழைப்பு இருக்கிறது. ஊரில் அடுப்பும் விதைப்பும் காத்திருந்தன. ஹஸிந்தாவிடம் கேட்கலாம் என்றால் ஹாச்சபம்பாவில் போன் சிக்னல் கிடைக்கக் குன்று ஏற வேண்டும். ஊருக்குப் போகிற பாதையில் சல்யாபாத்தா. வழியை மாற்றக்கூட வேண்டியிருக்கவில்லை.

ருஃபீனோ லாரியைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க அண்ணி! கப்பல் ஏறப் போனதா கேள்விப்பட்டேன். கடல் எப்படி இருந்துச்சு?"

"வாயை மூடிக்கிட்டு விலையைச் சொல்லு."

சொன்னான். போன வருஷத்து விலையைவிடக் குறைவு. அவள் பேரம் பேசவில்லை, பேசத் தெம்பில்லை. ருஃபீனோவுக்கே அது ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினான்.

"நானும் முதல்ல உங்களை மாதிரித்தான் அண்ணி ஆரம்பிச்சேன். வரிசையில நின்னேன், காகிதம் சேர்த்தேன். நேர்மையா போறவனுக்கு ஆயிரம் கதவு, எனக்கு ஒரே ஒரு பாலம். நான் திருடனா பொறக்கலை."

அவன் ஆட்கள் சாக்குகளின் வாயைப் பிரித்தார்கள். கீன்வா சரசரவென்று வெள்ளைச் சாக்குகளுக்குள் கொட்டியது. ஒரு மூட்டையின் மடிப்பிலிருந்து அவள் நகத்துக்குத் தப்பிய இதழ் ஒன்று தானியத்தோடு சேர்ந்து விழுந்தது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எந்த எல்லைக்கும் அதனால் கேடு வரவில்லை. ருஃபீனோ ஒரு மூடி சாராயத்தைத் தரையில் தெளித்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

காலியான சாக்குகளை அவனே நன்றாக உதறி, மடித்து, பச்சை எழுத்து மேலே தெரியும்படி அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி அவளிடம் கொடுத்தான்.

"இந்தாங்க அண்ணி. இது உங்களுது. எனக்குத் தானியம் போதும், பேர் வேணாம்."

அவன் இதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். நிஜமான அக்கறையோடு சொன்னான்.

ஹாச்சபம்பாவில் லாரிச் சத்தம் கேட்டதும் பெண்கள் கிடங்குக்கு ஓடிவந்தார்கள். செவேரா சாக்குக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஹஸிந்தா லாரிக்குள் எட்டிப் பார்த்தாள். காலி. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாம் போயிருச்சா! சாக்கைக்கூடத் திருப்பிக் கொடுத்துட்டானா அந்த ஆலந்துக்காரன்? அடுத்த வருஷத்துக்கு ஆச்சு பாருங்கடி!"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி செவேராவைக் கட்டிப் பிடித்தாள். இன்னொருத்தி அதற்குள் சாராயப் புட்டியும் பூக்கூடையுமாக வந்துவிட்டாள். செவேரா அந்தக் கூடையைப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்த கட்டை இறக்கி ஹஸிந்தாவின் கையில் வைத்தாள்.

"தானியம் போய்ச் சேர்ந்துரும்," என்றாள். "நாமதான் போகலை."

ஹஸிந்தாவுக்குப் புரியவில்லை. அவள் சிரிப்பு மாறாமல், மேல் சாக்கின் பச்சை எழுத்தில் விரலை ஓட்டிக்கொண்டே நின்றாள்.