நாற்பத்திரண்டு நிமிட நாள்

தொலைக்காட்சிப் போட்டியில் பத்து வாரம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சோல்ஃப்ரிட்டுக்கு, அன்றிலிருந்து ஒரு நாள் என்பது நாற்பத்திரண்டு நிமிடம்தான். அவளுடைய வடகோடிக் கடலோரச் சிற்றூரான தின்வோகனில் மற்ற அறுநூற்றுப் பத்துப் பேருக்கும் வழக்கம்போல இருபத்துநான்கு மணி நேரம் இருந்தது. தேவாலயக் கடிகாரமும் படகுத்துறைக் கடிகாரமும் ஒழுங்காகவே ஓடின. ஸ்வேலே அப்பம் ஒன்று முப்பத்தெட்டு குரோனருக்கு விற்றது. அவளுக்கு மட்டும் நடுவில் இருந்ததெல்லாம் காணாமல் போயிற்று. கெட்டிலை அடுப்பில் வைப்பாள். அடுத்த கணம் குடித்து முடித்த கோப்பை கையில் இருக்கும். காரில் சாவியைத் திருப்புவாள். அடுத்த கணம் துறையில் இறங்கிக்கொண்டிருப்பாள். மிஞ்சியதெல்லாம் சண்டை, சிரிப்பு, அழுகை, பனியில் வழுக்கி விழுவது, யாராவது கதவைப் படாரென்று சாத்துவது, இவ்வளவுதான். அந்தப் போட்டியின் ஒவ்வொரு பகுதியும் விளம்பரம் போக நாற்பத்திரண்டு நிமிடம் ஓடியது ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

மலைகளுக்கிடையே நீளும் கடற்கழியான ஃபியோர்டைக் கடக்கும் கார்ப் படகில் இருபது வருடமாகச் சிற்றுண்டிக் கடை நடத்தியவள் சோல்ஃப்ரிட். அக்கரை சேர இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் நூறு பேருக்கு ஸ்வேலே சுட்டு, வெண்ணெய் தடவி, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுத்து, நாலு லாரிக்காரர்களை வாயாலேயே வறுத்தும் எடுத்துவிடுவாள். இந்த வாய் தொலைக்காட்சிக்குத்தான் லாயக்கு என்று முடிவுகட்டி, விண்ணப்பத்தை அனுப்பிவைத்தவள் ஊர்க் கடைக்காரி குன்வோர். நூறு வருடத்துக்கு முந்தைய பண்ணையில் மின்சாரம் இல்லாமல் வாழவேண்டும், வாரம் ஒருவர் வெளியேற வேண்டும், இதுதான் போட்டி. பதினான்கு பக்க ஒப்பந்தத்தில், ஒரு கை மாவோடு, படிக்காமலே கையெழுத்துப் போட்டாள் சோல்ஃப்ரிட். மூன்றாவது இடம் கிடைத்தது. ஆனால் நாடு நினைவில் வைத்துக்கொண்டது ஆறாவது வாரத்தைத்தான். ஜோடி ஜோடியாக மரம் அறுக்கும் பந்தயத்தில், ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அழுத ஓஸ்லோ சிகையலங்காரப் பெண் தெரேசேயைப் பார்த்து அவள், “வாயை மூடிக்கிட்டு அறு!” என்று கத்தினாள். அந்த வாசகம் தொப்பியிலும் தேநீர்க் கோப்பையிலும் அச்சாகிக் குழந்தைகளின் கழுத்துத் துண்டு வரைக்கும் வந்துவிட்டது. ஈவு இரக்கமில்லாத பொம்பளை என்று பெயர் விழுந்ததும் அதனால்தான்.

முதல் வருடம் அவளுக்குக் கொண்டாட்டமாகவே இருந்தது, அதில் பொய்யில்லை. வரிசையில் நிற்பது இல்லை, பல்வலி இல்லை, ஜனவரி மாதத்து இருட்டு இமை கொட்டுவதற்குள் போய்விடும். “அடியே, உனக்கென்னடி குறைச்சல்? அந்த நவம்பரை மட்டும் எனக்கும் கொஞ்சம் வெட்டி விடேன், புண்ணியமாப் போகும்” என்று குன்வோர் ஏங்கினாள். மருத்துவரிடம் போனபோது அவர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார். “நாப்பத்தெட்டு வயசு ஆச்சுல்லம்மா, எல்லாருக்கும் நாள் அப்படித்தான் பறக்குது” என்று அனுப்பிவிட்டார். ஒரே ஒரு தொந்தரவு, ஒவ்வொரு நாளும் முக்கியமான இடம் வரும்போது முடிந்துவிடும். வரி அலுவலகக் கடிதத்தைப் பிரிக்கப் போவாள், அவ்வளவுதான், மறுநாள் விடிந்திருக்கும். அதையும் பழகிக்கொண்டாள்.

பழக முடியாதது ஒன்றுதான், அது ஆஸ்முண்ட். அவளுடைய கணவன். ஊராட்சியின் பனிவாரும் வண்டியை ஓட்டுகிறவன். கோடையில் பிர்ச் மர விறகை மதில் மாதிரி அடுக்குகிறவன். அவனிடம் திங்கட்கிழமை ஒன்றைக் கேட்டால் செவ்வாய்க்கிழமை பதில் வரும், ஆனால் வந்த பதில் பிசகாது. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்ற கேள்வியை ஈஸ்டரில் தொடங்கியவன் ஜூன் மாதத்தில்தான் முடித்தான். ஒரு படகுக்குக்கூடப் பொறுக்காத சோல்ஃப்ரிட், ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா என்று அந்த ஒன்றுக்கு மட்டும் காத்திருந்தாள். பத்தொன்பது வருடம் சாயங்காலங்களில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசாமல் உருளைக்கிழங்கு உரித்தார்கள். கெட்டில் கொதிக்கும், மழை பெய்யும், அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பான், அவள் காத்திருப்பாள். அந்தக் கல்யாணம் முழுவதுமே தொலைக்காட்சிக்காரர்களுக்கு வெட்டி எறியத் தோன்றும் இடத்தில்தான் இருந்தது. வெட்டுப்பட்டும் போயிற்று. மூன்று வருடத்தில் கணவனிடமிருந்து அவள் கேட்டது மொத்தம் பதினொரு சொற்கள். அவற்றில் நாலு “ம்”, மூன்று “காபி”.

மிச்சம் நாலு சொற்கள்தான் அவளை அரித்தன. “சோல்ஃப்ரிட்... உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்று தொடங்குவான், அடுத்த கணம் அவன் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். வெட்டுப்பட்ட நேரங்களில் அவள் உடம்பு அங்கேதான் இருக்கும், தட்டு கழுவும், “ம்” கொட்டும். ஆனால் பேருந்து ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருப்பவளைப் போல இருக்கும். ஆள் இல்லாத இடத்தில் முக்கியமானதைப் பேசுவது மரியாதையில்லை என்று ஆஸ்முண்ட் பாதியில் நிறுத்திக்கொள்வான். குன்வோர் சொன்னபடி ஒருமுறை எழுதியும் கொடுத்தான். ஒருத்தி கடிதம் படிப்பதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? உறை கையில் இருந்தது, அடுத்த கணம் மடித்து இழுப்பறைக்குள் இருந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி இழுப்பறைக்குள் இருந்தது. “குடு, நான் படிச்சுச் சொல்றேன்” என்றாள் குன்வோர். “என் புருஷன் பேச்சை உன் வாயால கேக்கறதுக்கு நான் கேக்காமலே இருந்துக்கறேன்” என்றாள் சோல்ஃப்ரிட். அவளுக்குப் பயம் வந்துவிட்டிருந்தது. பத்து வார ஞாயிறுகளிலும் ஊரே தொலைக்காட்சி முன் உட்கார்ந்தபோது அவன் ஒருவன் மட்டும் வெளியே விறகு அடுக்கினான் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஈவு இரக்கமில்லாத பொம்பளையோடு இனி இருக்க முடியாது என்பதைத்தான் கேள்வியாக இழுக்கிறானோ என்று நினைத்து நினைத்து அழுதாள். அந்த அழுகை மட்டும் ஒரு நொடி குறையாமல் அப்படியே கிடைத்தது.

தயாரிப்புக் கம்பெனிக்கு எழுதிப்போட்டாள். மரியாதையான பதில் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தின்படி பங்கேற்பாளரின் நாட்களைச் சுருக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு, அது அவர் வேறொரு நிகழ்ச்சியில் தோன்றும் வரை செல்லும், பிறகு அந்த நிகழ்ச்சியின் முறை பொருந்தும். இந்தக் கடிதத்தைக் குன்வோர் கடை வாசலில் நின்று உரக்கப் படித்ததில் சண்டை மூண்டது, சண்டை மூண்டதால் சோல்ஃப்ரிட்டும் முழுதாகக் கேட்டாள். சமையல் போட்டிக்காரர்கள் ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார்கள், ஆனால் அது இருபத்தைந்து நிமிட நிகழ்ச்சி. நடனப் போட்டியில் ஆளுக்கு மூன்று நிமிடம். “அதுக்குப் போனா நீ கண்ணைத் திறந்து மூடறதுக்குள்ள கிழவி ஆயிடுவடி” என்ற குன்வோர், சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அட மடச்சி நான்! நம்ம ஆளுங்க டிவியில ரயில் போறதை ஏழு மணி நேரம் உக்காந்து பாத்தவங்கடி! கப்பல் போறதை அஞ்சு நாள் பாத்தாங்க, கொடியெல்லாம் ஆட்டினாங்க. ஒரு நொடி வெட்டலையே!”

இப்படித்தான் ‘விறகு அடுக்குதல், பதினெட்டு மணி நேரம், நேரலை’ என்ற யோசனை தலைநகருக்குப் போயிற்று. தொலைக்காட்சிக்காரர்களுக்கு உடனே பிடித்துப்போனது. ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணி முதல், நாற்பது கன மீட்டர் பிர்ச் விறகு, கணவன், மனைவி. எதையும் வெட்டக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டது இந்த முறை சோல்ஃப்ரிட். படிப்பது வெட்டுப்படும் என்பதால் குன்வோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி சண்டை போட்டே வாங்கினாள். ஆஸ்முண்ட்தான் சிக்கல். பள்ளி ஆண்டுவிழாவில்கூடக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கிற ஆள் அவன். குன்வோர் விஷயத்தைச் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டான். மூன்றாம் நாள் கடைக்கு வந்து ரொட்டி வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி, வாசல் வரை போய்த் திரும்பி, “சரி” என்றான்.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. சோல்ஃப்ரிட் முற்றத்து அடுப்பில் கெட்டிலை வைத்தாள். வைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது கெட்டில் அங்கேயே இருந்தது. முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு சின்ன முனகல். பிறகு கெட்டிலின் மூக்கில் மெல்லிய ஆவி, மூடியின் நடுக்கம், கடைசியில் கொதி. எட்டு நிமிடம். மூன்று வருடத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை அவள் பார்த்த முதல் கொதி அது. முகத்தைப் பொத்திக்கொண்டு, “கொதிச்சுருச்சு! ஐயோ, கொதிச்சுருச்சு!” என்று குழந்தை மாதிரிக் கூவினாள். அந்த எட்டு நிமிடத்தை எட்டு லட்சம் பேர் பார்த்ததாகப் பிறகு கணக்குச் சொன்னார்கள். அதற்குள் மரப்பட்டை மேலே பார்த்து அடுக்கவேண்டுமா கீழே பார்த்தா என்று நாடெங்கும் தகராறு தொடங்கி, தொலைக்காட்சி நிலையத்துத் தொலைபேசிகள் கட்டாகிவிட்டன. ஆஸ்முண்ட் பட்டையைக் கீழே வைத்தே அடுக்கினான்.

பத்து மணி சுமாருக்கு அவன் ஒரு கட்டையைக் கையில் எடுத்தான், வைக்கவில்லை. “சோல்ஃப்ரிட்” என்றான். அவள் நிமிர்ந்தாள். பதினாறு நிமிடம் போயிற்று. படகுத் துறையில் ஓட்டுநர்கள் கைப்பேசியில் இதைப் பார்த்தபடி இருந்ததில் வண்டிகள் ஏறவில்லை, கேப்டனும் ஏறச் சொல்லவில்லை. “உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றான். இந்த இடத்தில்தான் எப்போதும் வெட்டு விழும். அவள் இரண்டு கையாலும் விறகு அடுக்கைப் பற்றிக்கொண்டாள். வெட்டு விழவில்லை. ஒரு கடற்காகம் கத்தியது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“எதுவா இருந்தாலும் கேளுப்பா” என்றாள் அவள். “போறேன்னு சொல்றதா இருந்தாலும் முழுசாச் சொல்லு. முழுசாக் கேட்டுக்கறேன்.”

பதினொரு மணிக்கு அவன் கேட்டான்.

“போன எடத்துல எப்படி இருந்துச்சு?”

அவளுக்குப் புரியவில்லை. அதைத்தான் நாடே பார்த்துவிட்டதே. அவன் கட்டையை அதன் இடத்தில் வைத்துத் தட்டிச் சரிசெய்தான். “நான் பாக்கல” என்றான். “நீ வந்து சொல்லுவேன்னு... இருந்தேன்.”

மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் கேட்க என்ன இருந்தது? சோல்ஃப்ரிட் விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்தாள். ஈ வாயில் நுழைந்தால் அதனோடும் வம்பு வளர்க்கக்கூடியவள், இருபது நிமிடம் பேசவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு தொடங்கினாள். முதல் நாள் பசு உதைத்ததில் தொடங்கி, வைக்கோல் படுக்கையின் நாற்றம், கஞ்சியில் விழுந்த வண்டு, ஒவ்வொரு மாலையும் உருளைக்கிழங்கை உரிக்கும்போது எதிரில் ஆளில்லாமல் இருந்த வேதனை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே அடுக்கினாள், அவன் கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். மூன்று மணிக்கு ஆறாவது வாரம் வந்தது. “அந்தத் தெரேசே கையெல்லாம் கொப்புளம்ப்பா, விட்டுட்டுப் போறேன்னு அழுதா. நான் சொன்னேன், வாயை மூடிக்கிட்டு அறு, முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேந்து அழலாம், உன்னைவிடச் சத்தமா நான் அழறேன் பாருன்னேன். சொன்ன மாதிரியே தொழுவத்துல போய் உக்காந்து ஒரு மணி நேரம் ஓன்னு அழுதோம். பசு பயந்துபோச்சு.” ஆஸ்முண்ட் சிரித்தான். அவன் சிரித்து முடிக்க நாலு நிமிடம் ஆயிற்று. ஓஸ்லோவில் தெரேசே ஒரு வாடிக்கையாளரின் தலையைப் பாதி வெட்டியபடி விட்டுவிட்டு அழுததை மறுநாள் செய்தித்தாள் போட்டது.

கடைசிக் கட்டையை வைத்தபோது நள்ளிரவு, வடக்கின் ஜூன் மாதம் என்பதால் வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது, பத்து வாரமும் சொல்லி முடிந்திருந்தது, நாட்டின் பாதிப் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தொப்பிக் கம்பெனிக்காரன் மிச்சமிருந்த தொப்பிகளில் வாசகத்தின் இரண்டாம் பாதியையும் சேர்த்து அச்சடித்தான். அவை இரண்டே வாரத்தில் விற்றுத் தீர்ந்தன. மறுநாளிலிருந்து சோல்ஃப்ரிட்டுக்கு நாள் முழுதாகவே வந்தது, பல்வலியும் நவம்பரும் வரிசையும் உட்பட. முதல் பல்வலியைப் பற்றிப் படகில் ஏறியவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

அந்த விறகை எரிக்கத் தொடங்கியபோது இன்னொன்றும் தெரியவந்தது. கட்டை ஒன்று எரிந்து முடியும்போதெல்லாம் வெட்டுப்பட்ட நேரத்தில் ஒரு மணி நேரம் திரும்ப வந்தது. அதனால் ஞாயிறுதோறும் அதில் ஆறு கட்டை எரிக்கும் அவர்கள் வீட்டில் அன்று முப்பது மணி நேரம் இருக்கிறது. குன்வோர் பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு அங்கேதான் போகிறாள். அந்த வீட்டுக்கு ஞாயிறன்று விருந்துக்குப் போகிறவர்கள் நேரத்தைத் தங்கள் கடிகாரத்தில் பார்க்காமல் துறையின் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று படகு அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார்கள். பட்டையை ஏன் கீழே வைத்தாய் என்று நிருபர் ஒருவர் அன்று ஆஸ்முண்டைக் கேட்டிருந்தார். பதில் இன்னும் வரவில்லை, தின்வோகனில் யாருக்கும் அவசரமில்லை. சோல்ஃப்ரிட் அவன் எதிரில் உருளைக்கிழங்கு உரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள், கெட்டில் இப்போதுதான் முனகத் தொடங்கியிருக்கிறது.