வயிற்றையும் சேர்த்து எண்ணியவன்

தொட்டியின் ஓரத்தில் ஈரச் சேறு. சேற்றில் ஒரு குளம்புத் தடம். பிளந்த புளியங்கொட்டை மாதிரி, இரண்டு பாதி.

இரண்டு பாதியிலும் தண்ணீர் மெல்ல ஊறியது. மாசி மாதத்துச் சாய்ந்த வெயில் அதில் வந்து நின்றது. ஒரு கால். இரண்டு துளி வெளிச்சம்.

நஞ்சன் குனிந்து பார்த்தான். பிளவு அகலமாக இருந்தது. குளம்பு விரிந்து மண்ணைப் பற்றியிருந்தது. சுமை இருந்தால்தான் மானின் குளம்பு அப்படி விரியும். சினை.

இரண்டு, என்று சொல்லிக்கொண்டான்.

அவன் மலையில் அப்படித்தான் எண்ணுவார்கள். கிடா ஒன்று. குட்டி ஒன்று. சினைமான் இரண்டு.

வேட்டைக்குப் போன காலத்து எண்ணிக்கை அது. இரண்டு என்று வாயால் சொன்ன பிறகு கை ஓங்காது. வலையில் சினைமான் விழுந்தால் வலையைத் தூக்கிவிட வேண்டும். தூக்காதவன் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள்.

நஞ்சன் வலையை விட்டுப் பதினேழு வருடம். இப்போது வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர். தற்காலிகப் பணி. ஒரு காக்கிச் சட்டை, ஒரு தடி.

அந்தச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் பொம்மனுக்குச் சிரிப்பு. பொம்மன் அவன் மனைவியின் அண்ணன். "உன்னயத் தடுக்கறதுக்கு உனக்கே சம்பளமா, மாப்ள?"

*

மான் குறைந்துகொண்டே வந்தது. சட்டை போட்டவனுக்கும் அது தெரியும். போடாதவனுக்கும் தெரியும்.

முன்பெல்லாம் தை கழிந்ததும் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். சாம்பலில் புதுப்புல் வரும். புல்லுக்கு மான் வரும். தீ வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தீ நின்றது. உண்ணிச்செடி ஏறியது. புல் இருந்த இடமெல்லாம் முள்ளும் பூவும்.

ஓடைகள் வற்றின. அடிவாரத்து நாய்கள் கூட்டம் கூட்டமாக மேலே வந்தன.

துறை நடத்திய ஒவ்வொரு கூட்டத்திலும் பொம்மன் எழுந்து நின்று இதைச் சொன்னான். மான் கம்மியாகிவிட்டது. புல் இல்லை. முதலில் நாயைப் பிடியுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அதே பதில். நீங்கள் தின்றது போக மீதி அவ்வளவுதான்.

பொம்மன் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டான்.

*

வற்றிய மலையில் துறை ஒரு சிமெண்ட் தொட்டி கட்டியது. ஐந்து பள்ளத்து மான்களுக்கும் அந்த ஒரே தண்ணீர்.

போன வருடம் வரை வெளியூர் ஆட்கள் வந்து புழுக்கையை எண்ணிக் கணக்குப் போட்டார்கள். நாற்பத்தெட்டு என்று வந்தது. இந்த மாசியில் தொட்டிக்கு எதிரே பரண் கட்டினார்கள். பரணில் ரேஞ்சர் குணசீலன். பக்கத்தில் நஞ்சன்.

ரேஞ்சர் புதியவர். மெதுவாகப் பேசுவார். பைனாகுலரை ஒரு தரம் கண்ணில் வைத்தார், எடுத்துவிட்டார். உன் கண்ணைவிட இது எந்த மூலைக்கு, நீ சொல், நான் எழுதுகிறேன் என்றார்.

பதினேழு வருடத்தில் யாரும் அவனை எண்ணச் சொன்னதில்லை.

வெயில் சாயச் சாய மான்கள் வந்தன. உண்ணிச்செடி விலகி முதலில் ஒரு காது. பிறகு ஒரு மூக்கு, காற்றை முகர்ந்தபடி. பிறகு புள்ளிகள். புள்ளிகளின் மேல் இலைகளுக்கிடையே விழுந்த வெயில். எது புள்ளி, எது வெயில் என்று பிரிக்க முடியாது. நஞ்சனால் முடியும்.

மூச்சை அடக்கி எண்ணினான். ஒன்றையும் விடவில்லை. வயிற்றையும் விடவில்லை.

அறுபத்து மூன்று என்றான். ரேஞ்சர் எழுதினார்.

அன்று தொட்டியில் வாய் வைத்தவை நாற்பத்தொன்று.

*

பங்குனியில் சேதி வந்தது. மான்கள் பெருகிவிட்டன. நாற்பத்தெட்டு அறுபத்து மூன்றாகியிருக்கிறது. இந்தக் காட்டின் புல் அவ்வளவுக்குத் தாங்காது. இருபதைப் பிடித்து, மான் இல்லாத வேறொரு காட்டில் விட வேண்டும். மேலிடத்து உத்தரவு.

பொம்மன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. "இருந்த மானைத் தின்னது நாங்க. இல்லாத மானைப் பெத்தது நீயா, மாப்ள?"

அப்போதுதான் நஞ்சனுக்கு உறைத்தது. நின்ற இடத்தில் நின்று மறுபடி எண்ணிப் பார்த்தான். அன்று வந்த சினை இருபத்திரண்டு.

ரேஞ்சர் ஆபீசுக்கு ஒன்பது மைல். நடந்தே போனான். வாசற்படியில் நின்று சொன்னான். "சினைமானை நாங்க ரெண்டா எண்ணுவோமுங்க. தப்பு எம்மேலதானுங்க."

ரேஞ்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேப்பர் மேல போயிடுச்சு, நஞ்சா. இப்பப் போய் நாப்பத்தொண்ணுன்னு எழுதினா, இருபத்திரண்டு எங்கேன்னு கேப்பாங்க. உங்க ஊருக்குத்தான் வந்து கேப்பாங்க."

நஞ்சனுக்கு ஊர் கண்ணில் தெரிந்தது. இருபத்தாறு வீடு. எந்த வீட்டுக் கூரை எரவாணத்திலும் ஒரு பழைய கொம்பு இருக்கும். ஒரு முழம் வலைக்கயிறு இருக்கும். தேடி வருகிறவர்களுக்கு அது போதும்.

சரிங்க, என்றான்.

*

பச்சைத் துணியில் பட்டி கட்டினார்கள். அகலமான வாய். போகப்போகக் குறுகும். முடிவில் லாரி. உள்ளே வேலங்காய் கொட்டினார்கள்.

இரண்டு நாள் ஒரு மான்கூட வரவில்லை. ஆள் வாடை காற்றோடு மான்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாயை எந்தப் பக்கம் திறப்பது என்று நஞ்சனைக் கேட்டார்கள். அவன் ஒரு பிடி மண்ணை எடுத்துக் காற்றில் விட்டுப் பார்த்தான். கையை நீட்டிக் காட்டினான்.

மூன்றாம் நாள் விடிகாலை வெளிச்சம் துணியில் இறங்கியது. மான்கள் அந்தப் பச்சை வெளிச்சத்துக்குள் வந்தன. பசி அதிகமானவை முன்னால் வந்தன. இரண்டு உயிருக்குத் தின்ன வேண்டியவை முன்னால் வந்தன.

துணியின் கீழ் ஓரம் நஞ்சன் கையில் இருந்தது. முழங்கால் அளவு தூக்கினால் போதும். வலையைத் தூக்குவது போலத்தான்.

இருபத்திரண்டு எங்கே என்று யாரோ காதருகில் கேட்டது போல இருந்தது. கை எழவில்லை.

இருபது மான் ஏறின. பதினாறு சினை.

*

நஞ்சனையும் கூடப் போகச் சொன்னார்கள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் தகரம். தகரத்துக்குப் பின்னால் குளம்புகள்.

மழை மாதிரி இருந்தது. கோடை மழை கூரையில் விழுவது மாதிரி, விடாமல்.

மலை இறங்கும்வரை மழை. டீக்கடையில் நிறுத்தியபோது தூறல். அதற்குப் பிறகு அவன் காதைத் தகரத்தில் வைத்துக்கொண்டான். தூங்கிவிட்டது போலிருக்கிறது என்றான் டிரைவர்.

பிடிபட்ட மான் தூங்காது. பயத்திலேயே சாகும். காயம் இருக்காது. ரத்தம் இருக்காது. நெஞ்சு அடித்து அடித்து நின்றுபோகும். வேட்டைக்குப் போனவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

உச்சிவெயிலில் கதவைத் திறந்தார்கள். எட்டு நின்றன. பன்னிரண்டு கிடந்தன. ஒன்றின் கண் மூடாமல் இருந்தது. அதன் வயிறு மட்டும் இன்னும் அசைந்தது. உள்ளே ஒரு கால் உதைத்தது. பிறகு உதைக்கவில்லை.

பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார்கள்.

நஞ்சன் கிடந்தவற்றைச் சுற்றி வந்தான். பத்து சினை. அவனுக்கு இருபத்திரண்டு.

*

ஐப்பசியில் மழை வந்தது. உண்ணிச்செடி பூத்தது. நாய்கள் வந்தன.

ஒரு நாள் பொம்மன் வீட்டுக்கு வந்தான். சட்டையைப் பார்த்துக் கேலி பேசவில்லை. மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினான். தங்கச்சி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கினான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான்.

சொம்பு அங்கேயே இருந்தது. அதில் கதவு வழியாக வந்த வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.

*

மறுபடி மாசி. மறுபடி பரண்.

மான்கள் வந்தன. கிடாக்கள் சில. மடி வற்றிய கிழட்டு மான்கள். மற்றவை போன வருடத்துக் குட்டிகள். குடித்துவிட்டுப் போயின. தொட்டித் தண்ணீர் கொஞ்சம்கூட இறங்கியதாகத் தெரியவில்லை.

எத்தனை என்று கேட்டார் ரேஞ்சர். பதினாறு என்றான் நஞ்சன்.

"ஒண்ணை ஒண்ணாத்தானே எண்ணினே?"

"ஒண்ணாத்தானுங்க."

பேனா நின்றது. ரேஞ்சர் காட்டைப் பார்த்தார். அறுபத்து மூன்றில் இருபது போனால் நாற்பத்து மூன்று. குனிந்து நாற்பத்து மூன்று என்று எழுதினார்.

"உனக்காகத்தான், நஞ்சா." மெதுவாகத்தான் சொன்னார்.

அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது செடி விலகியது. ஒரு காது. பிறகு ஒருத்தி. கனத்த வயிறு. தனியாக வந்து குடித்துவிட்டுப் போனாள். நஞ்சன் பார்த்தான். பார்த்ததைச் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று மான் உள்ள காட்டுக்கு மறுபடி ஒரு லாரி வரலாம்.

ரேஞ்சர் இறங்கிப் போகும்வரை காத்திருந்தான். ஜீப் சத்தம் அடங்கிய பிறகு தொட்டிக்கு வந்தான்.

ஈரச் சேறு. சேற்றில் ஒரு தடம். அகலமான பிளவு. இரண்டு பாதியிலும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. சாய்ந்த வெயில் அதில் வந்து நின்றது. ஒரு கால். இரண்டு துளி வெளிச்சம்.

நஞ்சன் எண்ணவில்லை. செருப்பைக் கழற்றினான். வெறும் பாதத்தை அதன்மேல் வைத்து, மெல்ல இழுத்து, அழித்தான்.