மூடியில் இருந்த எண்

பல் டாக்டரின் கார் நாலாவது முறையாகக் கொதித்து நின்றபோது எனக்குக் கோபம் அந்தக் கார்மேல்தான் வந்தது. என்மேல் வரவில்லை. அது பிற்பாடு வந்தது.

எங்கள் பட்டறைக்கு வழி கேட்டால் தெருவில் என் கோபத்தையே அடையாளமாகச் சொல்வார்கள். "நேராப் போங்க, ஒருத்தர் ஸ்பானரைத் திட்டிக்கிட்டு இருப்பாரு. அவர்தான்." நான் திட்டுவது உண்மைதான். ஆனால் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது என்று மூன்று வாரம் முன்புவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா முதல் தடவை போன் செய்து, "வண்டி ரொம்பத் தண்ணி குடிக்குதுங்க" என்றார். அப்போது அவரது நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த ஒருவர், டிரைவரைப் பற்றிய பேச்சு என்று நினைத்து, "உடனே வேலையை விட்டுத் தூக்கிடுங்க டாக்டர்" என்றாராம். இதைச் சொல்லி நாங்கள் இருவரும் சிரித்தோம். அது முதல் தடவை. நாலாவது தடவை யாரும் சிரிக்கவில்லை.

முதலில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டேன். என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் சின்னக் கதவு அது. தண்ணீர் சூடானால் திறந்து வழிவிட வேண்டும். கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டுப் பார்த்தேன். சோம்பேறித்தனமாகப் பாதி திறந்தது. "அது பால் காய்ச்சற பாத்திரம்" என்று என் வீட்டுக்காரி போட்ட சத்தத்தில் மீதியும் திறந்திருக்கும். புதுசு மாட்டினேன். ஐந்து நாளில் மறுபடியும் கொதித்தது. வாட்டர் பம்ப்பின் அடியில் ஈரம் தெரிந்தது, அதையும் மாற்றினேன். கொதித்தது. ரேடியேட்டர் விசிறி தாமதமாகச் சுற்றுவதுபோல் பட்டது. அதன் சுவிட்சை மாற்றினேன். அப்புறமும் கொதித்தது.

"ஹெட் கேஸ்கட்டா இருக்கலாம், என்ஜினைப் பிரிக்கணும்" என்றேன்.

டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்ககிட்ட ஒருத்தர் பல்வலின்னு வந்தா, எந்தப் பல்லுன்னு முதல்ல தட்டிப் பாப்போம். நீங்க என்னடான்னா ஒவ்வொண்ணாப் புடுங்கிக்கிட்டே வர்றீங்க."

சுருக்கென்றது. அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு சுருக்கென்றது. "நாளைக்குக் காலையில சொல்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கே பட்டறையைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் சோதனைப் பம்ப்பை மாட்டி, கையால் காற்றடித்தேன். எங்காவது ஓட்டை இருந்தால் பம்ப்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்க வேண்டும். கால் மணி நேரம் ஆயிற்று. முள் நட்டுவைத்ததுபோல் நின்றது. இதே சோதனையை ஏற்கெனவே இரண்டு தடவை செய்திருக்கிறேன். இரண்டு தடவையும் இப்படித்தான் நின்றது. ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் அந்த மூடியைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. இந்தச் சோதனையில் எல்லாப் பாகத்தையும் சோதிக்கிறேன், கழற்றி ஓரமாக வைக்கிற மூடியைத் தவிர.

திருப்பிப் பார்த்தேன். மூடியின் தலையில் 0.5 என்று அச்சடித்திருந்தது. இந்த வண்டிக்கு வர வேண்டியது 1.1. ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடி இல்லை. குக்கரின் வெயிட்டைப் போல உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பது அதன் வேலை. அழுத்தம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது. பாயின்ட் அஞ்சு மூடி பாதி அழுத்தத்திலேயே விட்டுக்கொடுத்துவிடும். வண்டி தண்ணி குடித்ததன் ரகசியம் அவ்வளவுதான். உடனே டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"எந்தப் பல்லுன்னு தெரிஞ்சிடுச்சு டாக்டரம்மா."

"எது?"

"நானே மாத்தி வச்ச பல்லு."

அவரிடம் ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்தது. போனை வைத்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. அப்படியானால் அந்த 1.1 மூடி எங்கே? அது என் மாமனார் காரில் இருந்தது.

மாமனார் முப்பத்தேழு வருஷம் ரயில் ஓட்டியவர். காரை அவர் ஒரு வண்டியாகவே மதித்ததில்லை, "இது" என்பார். ரயிலில் டிரைவர் சிக்னலைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உதவிக்கு இருப்பவர் தன் கண்ணாலும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் கண் ஏமாந்தாலும் இன்னொருவர் கண் ஏமாறாது என்ற ஏற்பாடு. ஓய்வு பெற்ற பிறகும் அதை அவர் விடவில்லை. சாலைச் சந்திப்பில் "பச்சை" என்பார். பக்கத்தில் இருப்பவர் "பச்சை" என்று சொன்னால்தான் வண்டி நகரும். அத்தை தூங்கிக்கொண்டே சரியாகச் சொல்லுவார். நான் மட்டும் சொன்னதில்லை. "எனக்கும் கண்ணு தெரியுது மாமா" என்பேன். அவர் வற்புறுத்த மாட்டார், ஆனால் வண்டி அங்கேயே நிற்கும். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்தே எங்களை நகர்த்துவார்கள்.

மூன்று வாரம் முன்பு, ஒரே நாளில் இந்த இரண்டு கார்களுக்கும் ரேடியேட்டர் தண்ணீர் மாற்றினேன். மாமா தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அதை நல்லாக் கழுவுங்க, இதைத் துடைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. இரண்டு மூடிகளையும் ஒரே தட்டில் கழுவி, அவரை அனுப்பிவைத்தால் போதும் என்று கைக்கு வந்ததை எடுத்துத் திருகிவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மேட்டில் ஏறினாலே ஆவி விடுகிற அவருடைய பழைய கார் கொதிப்பதை நிறுத்திவிட்டது. ரேடியேட்டரில் அடைப்பு இருக்கிறது, பிரித்துச் சுத்தம் பண்ண வேண்டும் என்று ஒரு வருஷமாக நான் சொல்லியும் கேட்காதவர், சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், "மாப்ள கை வச்சா வச்சதுதான்" என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரே தடவைதான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. என்ன செய்தேன் என்று யாரோ கேட்டதற்கு, "அதெல்லாம் தொழில் ரகசியம்" என்று வேறு சொல்லிவைத்தேன்.

அந்தக் காரின் ரேடியேட்டருக்கும் ரப்பர் ஹோஸுக்கும் பதினெட்டு வயது. இரண்டு மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் வயதில்லை. மூடியின் எண்ணைப் பார்த்த அதே நாள் பத்து மணிக்கு அவரும் அத்தையும் மலைமேல் இருக்கும் அத்தையின் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். மாமாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஓட்டப் போகிறார் என்றால் போனை அணைத்துப் பையில் போட்டுவிடுவார். அத்தையின் போன் எப்போதும் பையின் அடியில்தான் இருக்கும். என் வீட்டுக்காரிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஓடுங்க முதல்ல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் சொல்லாம மூடியை மட்டும் மாத்திட்டு வந்துடுங்களேன். இப்பத்தான் அப்பா வாயிலேருந்து ஒரு நல்ல வார்த்தை வந்திருக்கு" என்றாள்.

எனக்கும் அந்த யோசனைதான் இருந்தது, பொய் சொல்வானேன். பாயின்ட் அஞ்சு மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புது ஹோஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, பட்டறை வேனைக் கிளப்பினேன். சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்று சொல்லவேண்டியதுதான். வழியெல்லாம் அதை ஒத்திகை பார்த்தேன்.

அவர் வாசலில் என்ஜினை ஓடவிட்டுச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மடியில் பையோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ள, என்ன இந்த நேரத்துல?"

"என்ஜினைக் கொஞ்சம் நிறுத்துங்க மாமா."

பானெட்டைத் தூக்கினேன். மேல் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் புடைத்து, ரப்பர் வெடிப்பு வெடிப்பாகப் பிளந்திருந்தது. அந்தப் புடைப்பைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோயிற்று. என்ஜின் ஆறும்வரை மூடியில் கைவைக்க முடியாது. சும்மா நிற்க வேண்டும். நின்றால் பேச வேண்டும்.

"மாமா, அன்னிக்கு ரெண்டு மூடியையும் ஒண்ணாக் கழுவி மாத்திப் போட்டுட்டேன். உங்க வண்டி கொதிக்காம இருந்ததுக்கு நான் ஒண்ணும் பண்ணல. வேற வண்டி மூடி இறுக்கிப் பிடிச்சிருந்தது, அவ்வளவுதான். இன்னிக்கு மேட்டுல இந்த ஹோஸ் வெடிச்சிருக்கும். தப்பு என்னோடது."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை.

"மூடி மாறினது எனக்குத் தெரியும் மாப்ள."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுமே பானெட்டைத் தொறந்து பாத்தேன். ஒண்ணு பாயின்ட் ஒண்ணுன்னு இருந்துது. பதினெட்டு வருஷமா நான் பாக்கற மூடி பாயின்ட் அஞ்சு. தெரியாமப் போகுமா?"

"அப்ப ஏன் மாமா கேக்கல?"

"போட்டது நீங்க. காரணம் இல்லாமப் போட மாட்டீங்கன்னு இருந்துட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரயிலா இருந்தா அப்படி இருந்திருக்க மாட்டேன். பாத்ததை வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். சொல்லாதது என் தப்பு."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. டிக்கெட்டில் இருக்கிற சின்ன எழுத்தைக்கூட இரண்டு தடவை படிக்கிற மனுஷன், நான் போட்டேன் என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணால் கண்டதை விட்டிருக்கிறார். நானோ அன்று தட்டில் எது எந்த மூடி என்றுகூடப் பார்க்கவில்லை. வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. ஹோஸைத் தேடுவதுபோல் வேன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மாமனும் மருமகனும் மாத்தி மாத்தி மன்னிப்புக் கேட்டது போதும்" என்று அத்தை கார் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேனா இல்லையா?"

"போறீங்க அத்தை. என் வேன்ல. இதுல இன்னிக்கு மலை ஏற முடியாது. பழைய மூடியைப் போட்டா மறுபடியும் கொதிக்கும். ரேடியேட்டரைப் பிரிக்கணும், ரெண்டு நாளாகும். பட்டறை வரைக்கும் உருட்டிடலாம்."

ஒரு வருஷமாக மறுத்தவர், "பிரிச்சிடுங்க" என்றார்.

என்ஜின் ஆறியது. துணியைப் போட்டு மூடியைத் திறந்தேன், ஹோஸை மாற்றினேன், குறைந்த தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். மாமா என் தோளுக்குப் பின்னால் வழக்கமான இடத்தில் வந்து நின்றார். ஆனால் அதைத் துடை, இதைக் கழுவு என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து மூடியை எடுத்துத் துடைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"பாயின்ட் அஞ்சு" என்றேன், வாய்விட்டு.

அவர் குனிந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார்.

"பாயின்ட் அஞ்சு" என்றார்.

அதற்குப் பிறகுதான் மூடியைத் திருகினேன்.